பெருநாளுக்கு எது, கிறிஸ்துமஸுக்கு எது? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான சாக்லேட் ஒப்பீடு

பண்டிகைக்கு சாக்லேட் என்பது இந்தக் கரையில் வருஷ வழக்கமாகிப் பல காலம் ஆகிவிட்டது. கீழக்கரையில் நோன்புப் பெருநாள் அன்று தொதல் (தேங்காய்ப்பாலில் கிண்டும் இனிப்பு) தட்டுக்குப் பக்கத்தில் துபாய் டப்பா திறந்திருக்கும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வரும் பிள்ளைகள் கையில் வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய் இருக்கும். தீபாவளிக்கு ராமநாதபுரம் கடைவீதியில் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவிடுவார்கள். எதை வாங்குவது, எதை வீட்டில் செய்வது என்று வரும்போது பெரும்பாலும் ருசியும் விலையும்தான் பேச்சில் வருகின்றன. இங்கே முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. டிசம்பரில் அருமையாக அமைந்த அதே சாக்லேட் ஏப்ரலில் தாளோடு ஒட்டிக்கொண்டு வரும்.

காரணம் எளியது. அசல் சாக்லேட்டைக் கெட்டியாக வைத்திருப்பது கோகோ பட்டர் என்ற கொழுப்பு. அது 34 டிகிரியை ஒட்டி முழுதாக உருகும். 28ஐத் தாண்டினாலே இளகத் தொடங்கும். சாக்லேட்டை வைத்துக் காக்க ஏற்ற வெப்பம் 15 முதல் 18 டிகிரி. பாம்பனில் டிசம்பர் பின்னிரவில்கூட 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. மே மாதத்தில் மாவட்டத்தின் உள்பகுதியில் பகல் வெப்பம் 35ஐத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அதைவிடக் கூடுதல். இதோடு கடல் காற்றின் ஈரம். வெப்பம் சாக்லேட்டின் கொழுப்பைக் கெடுக்கும், ஈரம் அதன் சர்க்கரையைக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்து இருக்கிற ஊர் இது.

பண்டிகைகளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கிறிஸ்துமஸ் எப்போதும் வடகிழக்குப் பருவமழையின் கடைசியில் வரும்: வெப்பம் குறைவு, ஈரம் அதிகம். ஈஸ்டர் மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையில் வரும். பெருநாள்கள் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31. இந்தக் கணக்கில் 2030 வாக்கில் அது பிப்ரவரித் தொடக்கத்துக்கு வந்துவிடும், அதற்கடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் ஜனவரிக்கு. ஆக இன்றைக்குப் பெருநாளுக்கு ஒத்துவராத ஒரு வகை இன்னும் சில வருஷத்தில் ஒத்துவரும். ஹஜ்ஜுப் பெருநாளின் நிலை வேறு. 2025இல் அது ஜூன் 7ஆம் தேதி வந்தது. கோடையை விட்டு வெளியே வர அதற்கு இன்னும் சில வருஷம் ஆகும். மீனவ வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், கையில் காசு புரளாது. அந்த நாட்களில் விழும் பண்டிகைக்குப் பெரிய பெட்டி பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

வெளிநாட்டு டப்பாவும் கடைப் பெட்டியும்

சபுரிலிருந்து, அதாவது வெளிநாட்டிலிருந்து, வருபவர் கொண்டுவரும் சாக்லேட்டுக்கு உள்ள மதிப்பு வேறு எதற்கும் இல்லை. அதை மாற்றச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் என்ன வாங்கி வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். விமானத்தின் சரக்கு அறையில் சாக்லேட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கெடுவது இறங்கிய பிறகுதான். திருச்சியில் இறங்கினால் கீழக்கரைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல், மதுரை என்றால் இரண்டரை மணி நேரம் காரில் வர வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு வெயிலில் நிறுத்தினால் டிக்கிக்குள் 50 டிகிரியைத் தொடும். அரை மணி நேரம் போதும். உருகி, இரவில் மறுபடி உறையும்போது கோகோ பட்டர் பிரிந்து மேலே சாம்பல் பூத்துவிடும்.

எனவே உருவம் குலையாத வகைகளைச் சொல்லிவிடுங்கள். வேஃபர், பிஸ்கட் உள்ளே இருக்கும் கிட் கேட், ட்விக்ஸ் போன்றவை இளகினாலும் நிமிர்ந்து நிற்கும். டாஃபி, எக்ளேர்ஸ் இன்னும் உறுதி. கேலக்ஸி போன்ற மெத்தென்ற பால் சாக்லேட் பார்கள்தான் முதலில் படுக்கும். ஃபெரேரோ ரோஷரில் ஹேசல்நட் எண்ணெய் உள்ள நடுப்பகுதி சாதாரண வெப்பத்திலேயே இளகலாக இருப்பதால், அந்த எண்ணெய் மெல்ல வெளிப் பூச்சுக்கு ஏறி வெளுப்பை உண்டாக்கும். இத்தாலியிலேயே கோடை மாதங்களில் அந்த நிறுவனம் ரோஷரையும் மோன் ஷெரியையும் கடைகளுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும். அதை மே மாதம் கீழக்கரைக்குக் கொண்டுவந்து ஏன் வெளுத்தது என்று கேட்பது நியாயமில்லை. மோன் ஷெரி பற்றி இன்னொன்று: அதன் நடுவில் இருப்பது மது. பல ருசி கலந்த ஐரோப்பியப் பெட்டிகளில் இப்படி ஒன்றிரண்டு கலந்திருக்கும். மார்ஷ்மெல்லோ உள்ளவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். வளைகுடாக் கடையில் வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் பெட்டிக்கு உறையைப் படித்தே ஆக வேண்டும்.

காரில் வரும்போது டிக்கியில் போடாமல் ஏசி படும் இடத்தில், கால் பக்கம், பெட்டியை வையுங்கள். வீடு வந்ததும் உடனே பிரிக்க வேண்டாம்.

உள்ளூர்க் கடைப் பெட்டியைப் பொறுத்தவரை மூன்று விஷயம் பார்த்தால் போதும். முதலாவது எடை. கேட்பரி செலிப்ரேஷன்ஸ் போன்ற பெட்டிகளில் அட்டை பெரிது, சரக்கு சிறிது. பொட்டலத்தின் மேல் கிராமுக்கு எவ்வளவு என்று யூனிட் விலை இப்போது அச்சிட்டிருக்கும். அதே சாக்லேட் தனி பாராக என்ன விலை என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அட்டைக்குக் கொடுக்கும் காசு தெரிந்துவிடும். 2024 டிசம்பரில் கோகோ விலை உலகச் சந்தையில் டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. இப்படி ஏறும்போது விலையை ஏற்றாமல் எடையைக் குறைப்பதும் உண்டு என்பதால் போன வருஷப் பெட்டியின் நினைவில் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட சரக்கை இன்னும் யாராவது நீட்டினால் அது பழைய சரக்கு என்றே பொருள்.

இரண்டாவது, தயாரித்த தேதி. தீபாவளிக்கு வந்து மிஞ்சிய பெட்டி கிறிஸ்துமஸுக்கு முன்வரிசைக்கு வரும். தேதிப்படி அது கெட்டிருக்காது. ஆனால் நடுவில் இரண்டு மாதம் ஏசி இல்லாத கிடங்கில் கிடந்திருக்கும். மூன்றாவது, கடைக்குள் அது இருந்த இடம். வாசலில் வெயில் படும் அடுக்கில் மேலே இருக்கும் பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கேளுங்கள். பெட்டியை மெதுவாக ஆட்டினால் துண்டுகள் தனித்தனியாகக் குலுங்க வேண்டும். மொத்தமாக அசைந்தால் ஒருமுறை உருகி ஒட்டிக்கொண்டது.

கொடைக்கானல், ஊட்டி ‘ஹோம்மேட்’ சாக்லேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலையில் நன்றாக இருக்கும். அங்குள்ள குளிரில் சரியாகப் பதப்படுத்தாததுகூடக் கெட்டியாக நிற்கும்; கொடைக்கானலிலிருந்து மதுரை வழியே 230 கிலோமீட்டர் இறங்கி வந்தால் சாயம் வெளுக்கும். கிலோ கணக்கில் அள்ளிப் போடுவதில் பெரும்பகுதி காம்பவுண்ட் சாக்லேட்தான் (கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது), அதையே ராமநாதபுரத்தில் வாங்கி வீட்டில் வார்க்கலாம். ‘ரம் அண்ட் ரைசின்’ என்று எழுதிய தட்டைப் பெருநாள் வீட்டுக்கு வாங்குபவர்கள் அதில் உள்ளது வெறும் எசன்ஸா, மதுவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் வார்ப்பது: காம்பவுண்டா, கூவர்ச்சரா

உண்மையான முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான். பிள்ளைகளுக்குப் பங்கிடும் அளவுக்குச் செய்வதானால் வேறு எந்த வழியும் இவ்வளவு சிக்கனமாக வராது.

காம்பவுண்ட் என்பது கோகோ பட்டருக்குப் பதிலாக ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பனை விதை எண்ணெய் (பாமாயில் மரத்தின் விதை, நம்மூர்ப் பனை அல்ல), சேர்த்துச் செய்த கட்டி. மோர்டே, வான் ஹூட்டன் போன்ற பெயர்களில் பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும். உருக்கி வார்த்தால் தானாக உறையும். வேறு வித்தை வேண்டாம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் தானே உறைவதைப் போலத்தான். கூவர்ச்சர் என்பது அசல் கோகோ பட்டர் 31 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ள சாக்லேட். காம்பவுண்டைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. வாயில் போட்டதும் உருகி ஓடிவிடும். காம்பவுண்ட் கடைசியில் அண்ணத்தில் மெழுகு போல லேசாகத் தங்கும். ருசியில் போட்டியே இல்லை. ஆனால் கூவர்ச்சரை அப்படியே உருக்கி வார்த்தால் பளபளப்பும் வராது, ஒடிக்கும்போது ‘டக்’ என்ற சத்தமும் வராது. கோகோ பட்டர் ஆறு விதமாகப் படிகம் கட்டும்; அதில் ஐந்தாவது வடிவம்தான் நமக்கு வேண்டியது. அதை வரவழைப்பதற்குப் பெயர் டெம்பரிங்.

டெம்பரிங்குக்கு அறை 20 முதல் 22 டிகிரியில் இருக்க வேண்டும். இந்தக் கரையில் எந்த மாதமும் அது தானாகக் கிடைக்காது. ஆகவே ஏசி உள்ள அறை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் டிசம்பர், ஜனவரியில் கூவர்ச்சர் செய்யலாம். இல்லையென்றால் காம்பவுண்டோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம். ஏசி காற்றின் ஈரத்தையும் வாங்கிவிடும் என்பது மழைக்காலத்தில் இரட்டை ஆதாயம். அடுப்பை மட்டும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். உருக்குவது சமையற்கட்டில், வார்ப்பது ஏசி அறையில்.

கூவர்ச்சருக்கான முறை: 600 கிராம் டார்க் எடுத்து 400 கிராமைப் பொடியாக நறுக்கி உருக்குங்கள், 200 கிராமைத் தனியே வையுங்கள். உருகியது 45 முதல் 50 டிகிரி வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கி, தனியே வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விடாமல் கிளறி 28 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பாத்திரத்தின் அடியை இளஞ்சூட்டில் காட்டி 31–32க்கு ஏற்ற வேண்டும். வார்க்கும் வரை அந்தச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். பால் சாக்லேட் என்றால் 45க்கு மிகாமல் உருக்கி, 26–27க்கு இறக்கி, 29–30இல் வேலை செய்ய வேண்டும். கைக்கணக்கு இதற்கு உதவாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்காமல் கூவர்ச்சரைத் தொடாதீர்கள். சரியாக வந்ததா என்று பார்க்கக் கத்தி முனையை முக்கி ஏசி அறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கோடு இல்லாமல் மினுமினுப்பாக உறைந்தால் வார்க்கலாம். கோடு கோடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் மறுபடி 45லிருந்து தொடங்க வேண்டும். சரக்கு வீணாகாது, நேரம்தான் போகும்.

காம்பவுண்ட் சுலபம் என்றாலும் தப்பு நடக்காமல் இல்லை. அரைக் கிலோ கட்டியைப் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். அடிப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு, அதன் மேல் தண்ணீரைத் தொடாதபடி கிண்ணத்தை வையுங்கள். மேல் கிண்ணம் அடிப் பாத்திரத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து நீராவி ஏறி உள்ளே விழும். அதில் ஒரு சொட்டு போதும், மொத்தமும் திரண்டு மண் பிசைந்தாற்போல் ஆகிவிடும். ஈரக் கரண்டி, கழுவி முழுசாகக் காயாத அச்சு, தண்ணீர்ச் சாயம், சாதாரண வெனிலா எசன்ஸ் எல்லாமே இதே வேலையைச் செய்யும். சாயமும் எசன்ஸும் எண்ணெயில் கலந்ததாக வாங்க வேண்டும். திரண்டுவிட்டால் அதை மறுபடி வார்க்கப் பார்க்காமல், சூடான பால் ஊற்றிக் குடிக்கவோ கேக்குக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திரளாமல் வெறுமனே கெட்டியாக, ஊற்ற வராமல் இருந்தால் கால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடலாம். வெண்ணெயும் பாலும் கூடாது, இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது.

அதிகம் நடக்கும், ஆனால் யாரும் காரணம் கண்டுபிடிக்காத தப்பு இன்னொன்று. ருசி கூடட்டும் என்று காம்பவுண்டோடு இரண்டு டெய்ரி மில்க் பாரை உடைத்துப் போடுவது. கோகோ பட்டரும் பனை விதைக் கொழுப்பும் ஒன்றோடொன்று சேராது. கலந்தால் இரண்டுமே தனித்தனியாக உருகும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும். செய்த அன்று ருசியாக இருக்கும். இரண்டு வாரத்தில் மேலே சாம்பல் படர்ந்து, விரலில் ஒட்டும். கூவர்ச்சர் உருக்கிய கிண்ணத்தைத் துடைக்காமல் அதிலேயே காம்பவுண்ட் போடுவதும் இதே கதைதான். டார்க் காம்பவுண்டையும் மில்க் காம்பவுண்டையும் கலப்பதில் பிரச்சினை இல்லை, ஒரே கம்பெனி என்றால் இன்னும் நல்லது. பாதிக்குப் பாதி கலந்தால் பெரியவர்களுக்கும் திகட்டாத இனிப்பு கிடைக்கும்.

அச்சில் காம்பவுண்டுக்கு சிலிக்கோன் போதும். கூவர்ச்சருக்குப் பாலிகார்பனேட் அச்சு வேண்டும். அதை உலர்ந்த பஞ்சால் துடைத்து மினுக்கி வைத்தால் அந்த மினுக்கு அப்படியே சாக்லேட்டில் ஏறும். ஊற்றியதும் தட்டை மேசையில் நாலு தட்டுத் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இனி ஈரம். 26 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் 23 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த அச்சு அதைவிட மிகவும் குளிர்ந்தது. மேலே படிந்த நீர் சர்க்கரையைக் கரைக்கும், காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் படலம் மிஞ்சும். அதனால் அச்சை ஜிப் பையில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் வைத்து எடுத்து, பையைத் திறக்காமல் இன்னொரு பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் கழற்றுங்கள். அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைப்பதும், எடுத்ததும் ஃபேன் போடுவதும் ஈரத்தைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

வெளுத்தது எதனால் என்று தெரிந்துகொள்ள விரலால் தேய்த்துப் பாருங்கள். தேய்த்ததும் மறைந்தால் கொழுப்பு, அதாவது சூடு பட்டிருக்கிறது. மறையாமல் மணல் போல நெருடினால் சர்க்கரை, அதாவது ஈரம் பட்டிருக்கிறது. இரண்டையும் சாப்பிடலாம்.

தேவாலயப் பங்கீட்டுக்கு ஒரு கணக்கு

அரைக் கிலோ காம்பவுண்டோடு வறுத்து ஆறவைத்த முந்திரி, திராட்சை 100 கிராம் சேர்த்தால், கிண்ணத்தில் ஒட்டியது போக, 12 கிராம் துண்டு 48 வரும். மறைக்கல்விப் பிள்ளைகள் 120 பேர், ஆளுக்கு இரண்டு என்றால் 240 துண்டு. அரைக் கிலோ கட்டி ஐந்து, பருப்பு வகை அரைக் கிலோ. 15 குழி அச்சு நாலு இருந்தால் ஒரு ஈட்டுக்கு 60. நாலு ஈடு எடுக்க மூன்று மணி நேரம் ஆகும், ஃபாயில் சுற்ற இரண்டு பேருக்கு இன்னும் ஒன்றரை மணி. அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குழு) நாலு பேர் சேர்ந்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும். பருப்பு ஒவ்வாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு வெறும் சாக்லேட்டை முதல் ஈட்டிலேயே, பருப்பு படாத கரண்டியால் வார்த்து, வேறு நிறத் தாளில் சுற்றிவிடுங்கள். பருப்பைச் சூடாகக் கலக்கக் கூடாது. நமுத்த முந்திரியும் கூடாது, சாக்லேட்டுக்குள் போனால் அது மறுபடி மொறுமொறுப்பாகாது.

காம்பவுண்டின் கொழுப்பு கோகோ பட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்குவதால், திருப்பலி முடியும் வரை பெட்டியோடு வெளியே இருந்தாலும் டிசம்பரில் தாங்கும். அங்கே கூவர்ச்சர் கொடுத்துப் பயனில்லை. பையில் போட்டுக்கொண்டு விளையாடப் போகும் பிள்ளைக்கு டெம்பரிங் தெரியப்போவதில்லை. கூவர்ச்சரை வீட்டுக்கு வரும் பத்துப் பேருக்கு வையுங்கள்.

திருவருகைக் காலத்தில் டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு சாக்லேட் என்று ஐரோப்பாவில் விற்கும் கதவு வைத்த அட்டையை இங்கே தேடி அலைய வேண்டாம். அரைக் கிலோ கட்டி ஒன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு 24 நாளைக்கானது கிடைத்துவிடும். ஆனால் அதைச் சரமாகக் கட்டிக் குடில் பக்கம் தொங்கவிட்டால் மழை ஈரத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது, எறும்பு வேறு. வெறும் காகிதப் பையைத் தொங்கவிட்டு, அன்றன்றைய துண்டை டப்பாவிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

ஈஸ்டர் முட்டையை, ஏசி இல்லாத வீட்டில், எதிலும் செய்யச் சொல்ல மாட்டோம். உள்ளே வெற்றாக இருக்கும் மெல்லிய ஓடு ஏப்ரல் பகலில் உட்கார்ந்துவிடும். செய்தே தீருவோம் என்பவர்கள் கோழி முட்டையில் பாதி அளவில், நடுவில் வேஃபர் தூளோ பிஸ்கட் தூளோ அடைத்துத் திடமாகச் செய்யுங்கள்.

பெருநாளுக்குப் பேரீச்சை

வெப்ப மாதத்தில் வரும் பெருநாளுக்கு எங்கள் தேர்வு சாக்லேட் பூசிய பேரீச்சம்பழம். பூச்சு இளகினாலும் உள்ளே பழம் நிற்கும். வளைகுடாவிலிருந்து பழம் எப்படியும் வந்துவிடும், நோன்புக்கு வாங்கியதில் மிஞ்சியும் இருக்கும். கால் கிலோ பழத்துக்கு 200 கிராம் டார்க் காம்பவுண்ட், பழத்துக்கு ஒன்று வீதம் வறுத்த பாதாம். பழம் மேல் தோல் உலர்ந்ததாக இருக்க வேண்டும். தேன் கசியும் குழைந்த பழம் நேரே சாப்பிடத்தான் நல்லது, பூசினால் பாகு வெடித்து வெளியே வரும். கழுவக் கூடாது, சுத்தமான துணியால் துடைத்து, கொட்டையை எடுத்து, பாதாமை வைத்து அழுத்தி மூடி, ஒரு மணி நேரம் ஏசியிலோ மின்விசிறிக் காற்றிலோ உலரவிடுங்கள். ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பழத்தில் பூசினால் பூச்சு சுருங்கி விரிசல் விடும். 40 டிகிரிச் சூட்டில் உள்ள காம்பவுண்டில் முள்கரண்டியால் முக்கி எடுத்து, கிண்ண ஓரத்தில் இருமுறை தட்டி, பட்டர் பேப்பரில் வையுங்கள். மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜில், மூன்று வாரம் தாராளமாக இருக்கும். இந்த ஒன்றை மட்டும் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பே செய்து வைத்துவிடலாம் என்பது, தொதல் கிண்டும் நாளில் கை ஒழியாத வீடுகளுக்குப் பெரிய உதவி.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைச் சேர்த்தால் நம்மூர் சாக்லேட் ஆகுமே என்ற ஆசை பலருக்கு வரும். ஆசை நல்லது, முறைதான் தவறாகப் போகிறது. பொடித்த கருப்பட்டியை உருகிய சாக்லேட்டில் போட்டால் அதிலுள்ள ஈரமே திரளவைத்துவிடும். நடுவில் வைக்கும் பூரணமாகத்தான் அது பொருந்தும்: 100 கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்துக்குப் பாகு காய்ச்சி, வறுத்துப் பொடித்த எள் 60 கிராம், வறுத்த கொப்பரைத் துருவல் 40 கிராம் சேர்த்து உருட்டி, முழுதாக ஆறிய பிறகு டார்க் காம்பவுண்டில் முக்க வேண்டும். பச்சைத் தேங்காய் வேண்டாம், மூன்றாம் நாள் சிக்கு வாடை வரும். மழைக்காலத்தில் கருப்பட்டி தானே ஈரம் இழுக்கும் என்பதால் பூச்சில் ஊசி முனை இடைவெளி இருந்தாலும் அதன் வழியே பாகு கசியும். இருமுறை முக்குவது ஒன்றே வழி. எண்ணிக்கை அதிகம் வேண்டிய இடத்துக்கு இது சரிப்படாது.

வைக்கும் இடம்

எதை வாங்கினாலும் செய்தாலும் கடைசியில் அது ஃப்ரிட்ஜுக்குத்தான் போகும். இங்கே ஃப்ரிட்ஜில் கணவாயும் நண்டும் இருக்கும், பல வீட்டில் கருவாடும் இருக்கும். சாக்லேட்டின் கொழுப்பு பக்கத்தில் உள்ள வாடையை அப்படியே வாங்கிக்கொள்ளும். அட்டைப் பெட்டி இதைத் தடுக்காது, ஃபாயிலும் முழுதாகத் தடுக்காது. பெட்டியோடு ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, அதை இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, காய்கறித் தட்டில் வையுங்கள். அங்கேதான் குளிர் கொஞ்சம் குறைவு. விருந்தாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு டப்பாவை வெளியே எடுத்து, மூடி திறக்காமல் வைத்திருந்து, பிறகு தட்டுக்கு மாற்றுங்கள். ஒரு முறை வெளியே எடுத்த தட்டை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. அதனால் பத்துப் பத்தாகத் தனிப் பைகளில் கட்டி வைப்பது நல்லது. புயல் எச்சரிக்கை நாட்களில் மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டுவிடுங்கள்.

வெளியூருக்கு அனுப்புவதற்கு மீன் கட்டும் தெர்மாகோல் பெட்டியைவிடத் தோதானது கிடையாது, அது இந்தக் கரையில் எங்கும் கிடைக்கும். புதுசாக வாங்க வேண்டும். ஒரே ஒரு தடவை மீன் ஏறிய பெட்டியையும் எவ்வளவு கழுவினாலும் வாடை விடாது. ஐஸ் போடாதீர்கள். உறையவைத்த ஜெல் பொதியைச் செய்தித்தாளில் மூன்று சுற்றுச் சுற்றி மேலே வைத்து, சாக்லேட்டைத் தொடாமல் நடுவில் அட்டை கொடுத்து, டேப் ஒட்டினால் இரவு ரயிலில் சென்னை போய்ச் சேரும் வரை தாங்கும். பகல் பஸ்ஸில், அதுவும் கூரை மேலே பார்சலாகப் போடுவதாக இருந்தால், காம்பவுண்டைத் தவிர வேறு எதையும் அனுப்பாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்குச் செய்வதாக இருந்தால் அச்சும் ஃபாயிலும் நவம்பரிலேயே வாங்கிவிடலாம். காம்பவுண்ட் கட்டியை டிசம்பர் இரண்டாவது வாரத்தில் வாங்குங்கள். உறையை அழுத்திப் பார்த்து, ஓரம் கூர்மையாக இருக்கும் கட்டியாக எடுங்கள். ஓரம் உருண்டு போயிருந்தால் அது கடையிலேயே ஒரு கோடையைப் பார்த்துவிட்ட கட்டி.